வாசலைத் திருப்பிவைக்கும் மக்கள்

அருங்காட்சியக வழிகாட்டியின் வேலை, தான் ஒருநாளும் போகாத இடத்துக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஒருவரையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து விடுவது.

நான் கூட்டிக்கொண்டு போன இடம் ஆபிரிக்காவின் நடுவிலுள்ள இட்டூரி மழைக்காடு. அங்கே ம்புட்டி என்ற மக்கள் இருக்கிறார்கள். வேட்டையாடியும், கிழங்கு, காளான், தேன் என்று தேடியும், முகாம் முகாமாக இடம் மாறி வாழ்கிறவர்கள். அந்தக் காடு எனக்குக் கிடைத்தது சூரிச்சில், ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில். நாலு இலைக்குடில்கள், சுவர் நீளத்துக்கு ஒரு வேட்டை வலை, பாட்டுக் கேட்கும் ஒலிநாடா ஒன்று, ஒரு வரைபடம். சயர் என்ற நாடு கொங்கோ என்று பெயர் மாறியிருந்த நேரம். வரைபடத்தில் புதுப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அது ஒரு மூலையில் எழும்பிக்கொண்டே இருக்கும், நான் அழுத்திவிட்டுத்தான் ஒவ்வொரு சுற்றையும் தொடங்குவேன். பயத்தில் கை வேர்த்து ஈரமாக இருப்பதால் அந்த ஒரு சுற்றுக்கு நன்றாகவே ஒட்டும்.

முதல் வேலையின் முதல் மாதங்களை மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தே கழித்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இது விளங்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அப்பாவின் முன்னேற்பாடு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சுவிஸின் மலைப்பக்கத்துக் கூர் நகரில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. நாங்கள் எல்லோரும் அதை ஜெர்மன் பெயரில் வெஷெராய் என்றுதான் சொல்வோம். மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் "பெரிய படிப்பு" என்று சொல்லி அப்பா கதையை மாற்றிவிடுவார். மக்களின் வாழ்க்கைமுறையைப் பற்றிய படிப்பு என்று நான் பலமுறை சொல்லியும் அது அவர் வாயில் வரவில்லை. வேலை கிடைத்ததைச் சொல்லக் கூருக்குப் போனேன்.

"மூண்டு மாசம் புரோபெசைற், அப்பா. பாத்துப்போட்டுத்தான் வைச்சிருக்கிறதோ அனுப்பிறதோ எண்டு சொல்லுவினம்."

"என்ன செய்யோணும்?"

"காட்டிலை இருக்கிற சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டு, வாற ஆக்களுக்கு விளங்கப்படுத்தோணும்."

"அந்தச் சனம் உன்னட்டைச் சொல்லச் சொல்லிக் கேட்டதோ?"

"இல்லை."

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "சரி, போ. வெஷெராயிலை உன்ரை பேரைச் சொல்லி வைக்கிறன். மூண்டு மாசம் பாத்துக்கொண்டு இருப்பினம்."

தலைவர் யார்?

எல்லாக் குழுக்களும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ம்புட்டி முகாமில் தலைவர் இல்லை. நீதிபதி இல்லை, பொலிஸ் இல்லை. நாளைக்கு எந்தப் பக்கம் வேட்டைக்குப் போவது, எப்போது முகாமை மாற்றுவது என்பதை ஆண்களும் பெண்களும் நெருப்பைச் சுற்றியிருந்து கதைத்துக் கதைத்தே முடிவெடுப்பார்கள். ஒருவர் தன்னைப் பெரிதாக நினைக்கத் தொடங்கினால் மற்றவர்கள் அவரைக் கேலி செய்தே கீழே இறக்கிவிடுவார்கள்.

பாடனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஊர்ச்சபை உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். இதைக் கேட்டு அவர்களுக்கு ஒரே சந்தோஷம். "எங்கள் ஊர்க்கூட்டமும் இப்படித்தான், எல்லோரும் கை தூக்குவோம்" என்று ஒருவர் பெருமைப்பட்டார். பின்னால் நின்ற மெலிந்த மனிதர் மட்டும் கவலையோடு நெற்றியைச் சுருக்கினார். அவர்தான் சபையின் செயலாளராம். "தலைவர் இல்லாமல் இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கூட்டக் குறிப்பு எழுத ஒருவர்கூட இல்லையென்றால், நேற்று யார் எதற்குச் சம்மதித்தார் என்று இன்று எப்படிச் சண்டை பிடிப்பது?"

போனதுண்டா?

ஒரு வயதான சுவிஸ் பெண்மணி கைத்தடியோடு முன்வரிசையில் வந்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்கள் அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள்?" என்று கேட்டார். நான் போனதில்லை என்றேன். வேட்டைக்குப் போனதுண்டா? இல்லை. சரி, ஏதாவது ஒரு பெரிய காட்டுக்குள்? கூரில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தால் மலைக்காட்டுக்குக் கூட்டிப் போனார்கள், மழை வந்து பாதி வழியில் திரும்பினோம் என்று உண்மையைச் சொன்னேன். இதற்குமேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

கல்விப் பிரிவின் பொறுப்பாளர் திருமதி கெல்லர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வேலையைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "உண்மை நல்லது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்பதைக் கொஞ்சம் குறைத்தால் வருபவர்களுக்கு நிம்மதியாக இருக்கும்" என்று சொல்லியிருந்தார். கைத்தடிப் பெண்மணி என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீர்கள். நான் முப்பது வருடம் ஞாயிறு வேதாகம வகுப்பில் பரலோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். நானும் அங்கே போனதில்லை."

யாருடைய ஆட்கள்?

ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்யும் மூன்று தமிழர்கள் ஒரு மழை நாளில் குளிருக்கு ஒதுங்க வந்தார்கள். தமிழிலேயே சொல்கிறேன் என்றதும் நின்றுவிட்டார்கள். காட்டின் ஓரத்தில் பயிர் செய்யும் கிராமத்தவர்களைப் பற்றிச் சொன்னேன். ம்புட்டிகள் அவர்களுக்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்து வாழைக்காயும் இரும்பும் வாங்குவார்கள். கிராமத்தவர்கள், இவர்கள் எங்களுடைய ஆட்கள், தலைமுறை தலைமுறையாக எங்களுக்குக் கீழ் இருப்பவர்கள் என்று நம்புகிறார்கள். கிராமத்தில் நிற்கும்வரை ம்புட்டிகளும் அதற்கு ஓமென்பார்கள். காட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்தக் கிராமத்தவர் நடப்பதையும் கத்துவதையும் நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அங்கே போய் இருந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டையானவர் உடனே இடுப்பில் கைவைத்து, கன்னத்தை ஊதி, தட்டை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். மற்ற இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் வலைக்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுடைய செஃப் யாரென்று தெரியாத எனக்கே அந்த மனிதரைக் கண்டதுபோல இருந்தது. போகும்போது கட்டையானவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பகுதியை மட்டும் ஜெர்மனிலை சொல்லாதையும். எங்கட செஃப் எங்களைத் தன்ரை ஆக்கள் எண்டு நம்பிக்கொண்டு நல்ல சந்தோஷமா இருக்கிறார்."

மண்டபம் எடுக்காத சடங்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ரயிலேறி வரும் குடும்பங்கள் உண்டு. நானும் அங்கேதான் ஒரு அறை எடுத்திருந்தேன், முகம் தெரிந்தவர்கள். ஒரு அன்ரியும் அவருடைய மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். போன வருடம்தான் அவள் பெரியபிள்ளையானதற்கு மண்டபம் எடுத்து, மேடை சோடித்து, வீடியோ பிடித்துச் சாமத்தியவீடு செய்தார்கள்.

ம்புட்டிப் பெண்பிள்ளை பெரிதானால் முகாமுக்கே கொண்டாட்டம். எலிமா என்று பெயர். அந்தப் பிள்ளை தோழிகளோடு ஒரு குடிலில் இருந்து பாட்டுப் படிக்கும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அன்ரி, "பாத்தியோ, எங்களைப் போலத்தான்" என்று மகளின் தோளில் தட்டினார். நான் மிச்சத்தையும் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் தடியோடு வெளியே ஓடிவந்து தங்களுக்குப் பிடித்த பெடியன்களைத் துரத்தி அடிப்பார்கள். அடி வாங்கியவன் குடிலுக்கு வந்தே ஆகவேண்டும். வாசலில் தாய்மார் நின்று கையில் அகப்பட்டதை எல்லாம் எறிவார்கள், அதையும் தாண்டித்தான் அவன் உள்ளே போகலாம்.

"ஹோல் எடுக்கிறேல்லையோ? ஆரும் வீடியோ பிடிக்கிறேல்லையோ?" என்று அன்ரி அவசரமாகக் கேட்டார். நான் இல்லை என்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, அங்கை பெட்டை கலைச்சுக் கலைச்சு அடிக்கலாமாம். என்னை நீங்கள் வீடியோக்காரனுக்கு முன்னாலை சிரிக்கக்கூட விடேல்லை."

வாசல் எந்தப் பக்கம்?

எங்கள் காட்சி மண்டபத்துக்குக் காவலர்கள் இருவர். ஒருவர் வெபர், முன்பு ட்ராம் ஓட்டியவர். மற்றவர் மன்னாரைச் சேர்ந்த சூசை அண்ணை. சன்னலுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். காலையிலிருந்து மாலை வரை, சூசை அண்ணையின் அரைகுறை ஜெர்மனில் இருவரும் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். என் சுற்றுகளை அவர்கள் கேட்ட அளவுக்கு யாரும் கேட்டதில்லை. அதில் அவர்களுக்குப் பிடித்த இடம் குடில்.

ம்புட்டிக் குடிலைக் கட்டுபவர் பெண். வளையக்கூடிய கம்புகளை நட்டு, வளைத்துப் பின்னி, மேலே பெரிய இலைகளை ஓடு மாதிரி அடுக்குவார். அரைநாள் வேலை. வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். யாரோடு உறவோ அவர்கள் பக்கம் வாசல். கோபம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை இலையால் மூடிவிட்டு வேறு பக்கம் வாசல் திறப்பார். முகாமைச் சுற்றி ஒருதரம் நடந்தால் போதும், யார் யாரோடு கதைப்பதில்லை என்று தெரிந்துவிடும். எங்கள் பட்டறையில் செய்த நாலு குடில்களும் பார்வையாளர் உள்ளே பார்க்க வசதியாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அது சரியில்லை என்பதையும் நான் ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிவிடுவேன்.

குளிர் தொடங்கியதும் சண்டை வந்தது. வெபருக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும், சூசை அண்ணைக்கு மூடியிருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் குழுவோடு உள்ளே போனபோது சூசை அண்ணையின் நாற்காலி வலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மத்தியானம் வெபரின் நாற்காலி வரைபடத்தைப் பார்த்துத் திரும்பியது. இருவரின் முதுகுகளும் மண்டபத்துக்கு. குழு போன பிறகு சூசை அண்ணையிடம் மெல்ல விசாரித்தேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "என்ன தம்பி கேக்கிறீர்? நீர்தானே நெடுகச் சொல்லுறீர். எனக்கு இப்ப வாசல் இந்தப் பக்கம்."

எல்லாக் குடிலும் வீடு

பாடனிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளைப் பற்றித்தானே சொல்ல வேண்டும்? ம்புட்டி முகாமில் தாயின் வயதுள்ள எல்லாப் பெண்களையும் பிள்ளைகள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தகப்பன் வயதுள்ள எல்லோரும் அப்பா. பசித்தால் எந்தக் குடிலுக்குள்ளும் போகலாம், எங்கேயும் சாப்பிடலாம், நித்திரை கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் அத்தனை பேரையும் மாமா, அன்ரி என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு இதில் புதினம் இல்லை. நான் ஆர்வத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "எல்லாக் குடிலும் பிள்ளைகளின் வீடு!"

அவர்கள் நம்பிவிட்டார்கள். தடுப்புக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து வகுப்பில் பாதிப் பேர் முதல் குடிலுக்குள் நுழைந்தார்கள். நான் ஆசிரியையைப் பார்த்தேன், ஆசிரியை காவலர்களைப் பார்த்தார். ஒரு காவலர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் கொங்கோவை. கம்புகள் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தன, பிறகு இலைகள் எல்லாம் ஒரே மூச்சாகக் கீழே வந்தன. நல்ல காலம், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. குவியலின் நடுவிலிருந்து தலையில் ஒரு இலையோடு எழும்பிய சிறுமி என்னிடம் கேட்டாள். "இப்போது எங்களை ஏசப்போகும் அம்மா யார்?"

நடுவில் ஒருவர்

அந்த அம்மா திருமதி கெல்லர்தான். வெள்ளிக்கிழமை திறப்பதற்கு முன், விழுந்த குடிலுக்குப் பக்கத்தில் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். பார்த்திருக்க வேண்டியது சூசை என்றார் வெபர். அந்தப் பக்கம் வெபருடையது என்றார் சூசை அண்ணை. சத்தம் ஏறியது. ஒருவரைக் கீழே, வருபவர்களின் மேலுடுப்பை வாங்கிவைக்கும் அறைக்கு அனுப்பப்போவதாகத் திருமதி கெல்லர் சொன்னார். அது நிலத்துக்குக் கீழே உள்ள அறை, சன்னலே கிடையாது. "உங்களைப் பற்றி இறுதியில் பேசுவோம்" என்று என் பக்கம் ஒரு பார்வை. பிள்ளைகளை உள்ளே அனுப்பியது என் பேச்சு என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை கூர் வெஷெராயில் விரிப்பு மடித்துக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

சுவரில் வலை தொங்கியது. ம்புட்டி ஆண்கள் தங்கள் தங்கள் வலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அரைவட்டமாக நிற்பார்கள், பெண்களும் பிள்ளைகளும் சத்தமிட்டு மிருகங்களைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு வலை மட்டும் நின்றால் ஒன்றும் பிடிபடாது. அதனால் சண்டை நீண்டால் முகாமே பட்டினி. யார் சரி, யார் பிழை என்று அவர்கள் தேடுவதில்லை. பகிடிக்காரர் ஒருவர் நடுவில் வந்து இரண்டு பக்கத்தையும் நடித்துக் காட்டி, பழியைத் தன் தலையில் போட்டு, எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார். இதை நான் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். ஆனால் நான் பகிடி விட்டு யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எப்படித் துணிந்தேன் என்று தெரியாது. சன்னலடிக்குப் போய் அதைத் திறந்து, வெபரைப் போல நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தேன். பிறகு மூடிவிட்டு, சூசை அண்ணையைப் போலச் சால்வையைக் காது வரை இழுத்து நடுங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் வேகமாகத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. சன்னல் பாதி திறந்தபடி இறுகி நின்றது. "இதுவும் நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் சூசை அண்ணைதான் வெடித்தார். "ஐயோ தம்பி, உம்மடை நடிப்பு!" என்று தமிழில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். விளங்காமலே வெபரும் சிரித்தார். பிறகு இருவரும் ஓடிவந்து, ஒருவர் சட்டத்தைப் பிடிக்க மற்றவர் கைப்பிடியைத் திருகி, அங்கே பிடி, இங்கே தள்ளு என்று ஒருவருக்கொருவர் கட்டளையிடத் தொடங்கினார்கள். சன்னல் அசையவில்லை. பாதி திறப்பு இருவருக்கும் போதும் என்று கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். திருமதி கெல்லர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இங்கே வந்த பிறகு 'எனக்குத் தெரியாது' என்று முதலில் சொல்லாமல் செய்த ஒரே வேலை இது. இதுதான் உங்களுக்கு உண்மையாகவே தெரியாத வேலை."

கூரிலிருந்து ஒருவர்

யாரும் நிலத்துக்குக் கீழே போகவில்லை. குடிலை மறுபடி கட்டும்போது வாசலை எங்கே வைப்பது என்று பட்டறைக்காரர் கேட்டார். வெபரும் சூசை அண்ணையும் ஒரே நேரத்தில் பக்கத்துக் குடிலைக் காட்டினார்கள். அதனால் பார்வையாளர்கள் சுற்றி வந்து குனிந்துதான் உள்ளே பார்க்க வேண்டியதாயிற்று. சிலர் முறைப்பட்டார்கள். திருமதி கெல்லர் அதை அப்படியே விடச் சொன்னார். என்னையும் அப்படியே விடச் சொன்னதாக மூன்றாம் மாதக் கடைசியில்தான் எனக்குத் தெரியவந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அப்பா கூரிலிருந்து ரயிலேறி வந்தார். கோட்டைக் கழற்றாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுச் சுற்றையும் கேட்டார். திரும்பி நின்ற குடிலைச் சுற்றிவந்து, குனிந்து, வெறும் நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காவலர்கள் இருவரும் எதிரெதிர் நாற்காலிகளிலிருந்து எழும்பி அவருக்குக் கைகொடுத்தார்கள்.

"வெஷெராயிலை நீ வரேல்லை எண்டு சொல்லிவிடட்டோ?" என்று கேட்டார்.

"ஓம், அப்பா."

"சரி. ஒண்டு கேக்கிறன். தலைவனும் இல்லை, பொலிசும் இல்லை எண்டுறாய். அந்தச் சனத்துக்கை உன்னைப் போல ஒருத்தன் இருந்தால் என்ன வேலை குடுப்பினம்?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "சண்டை வந்தால் நடுவிலை நிண்டு சிரிக்கப் பண்ணிற வேலை."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சூசை அண்ணையின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "நீயோ? பாவம் அந்தச் சனம்!"

தலைவரே இல்லாத மக்களைப் பற்றி இவ்வளவு காலம் படித்துவிட்டு, மூன்று மாதம் ஒரு தலைவியின் முகத்தையே பார்த்துப் பயந்து நின்ற என்னை, கடைசியில் வேலையில் தங்கவைத்தது நான் உடைத்த ஒரு சன்னல்தான்.